புயலுக்குப் பிறகு பட்டாவைக் கேட்பார்கள்: பருவநிலை மாற்றமும் நில உரிமையும்

பருவநிலை மாற்றம் என்றதும் பேச்சு வெப்பநிலை, கரியமில வாயு, கடல்மட்டம் என்று போய்விடும். நில உரிமை என்றால் பட்டா, பத்திரம், வாய்தா வாய்தாவாக இழுக்கும் வழக்கு. இரண்டையும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு மேடைகளில் பேசுகிறார்கள். ஆனால் வெள்ளம் வடிந்த மறுவாரம் கிராம நிர்வாக அலுவலகத்தின் முன்னால் போய் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே விஷயம் என்பது தெரியும். பயிர் மூழ்கியவர் அங்கே நிற்கிறார். உள்ளே இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, “நிலம் யார் பெயர்ல இருக்கு?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவர்கள் நம் ஊரில் எத்தனை விதமானவர்கள், ஏன் அப்படி ஆனார்கள், வானிலை மோசமாக ஆக அவர்கள் நிலை என்ன ஆகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது. சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. நிலமே இல்லாதவரும் படிக்கலாம். சொல்லப்போனால் அவர்தான் அவசியம் படிக்க வேண்டும்.

நில உரிமை என்பது ஒரே ஓர் உரிமை இல்லை

ஒரு வாடகை வீட்டை எடுத்துக்கொள்வோம். பத்திரம் ஒருவர் பெயரில். உள்ளே குடியிருப்பது வேறொரு குடும்பம். பக்கத்துச் சந்து வழியாகத் தெருவுக்கு வரப் பின்வீட்டுக்காரருக்குப் பாத்தியதை உண்டு. மாடி எடுக்க வேண்டுமென்றால் ஊராட்சியின் அனுமதி வேண்டும். ஆக, ஒரே வீட்டின்மேல் விற்கும் உரிமை, வாழும் உரிமை, நடக்கும் உரிமை, கட்டுப்படுத்தும் உரிமை என்று நான்கு பேருக்கு நான்கு உரிமைகள். புயலில் கூரை போனால் சொந்தக்காரருக்குச் சுவரும் ஓடும் நஷ்டம். குடியிருப்பவருக்கோ அரிசி, துணிமணி, பிள்ளைகளின் சான்றிதழ், வேலைக்குப் போகும் சைக்கிள் எல்லாம் நஷ்டம். நிவாரணம் பத்திரத்தை மட்டும் பார்த்துக் கொடுக்கப்பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வயலிலும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் சிக்கலாக. தஞ்சைப் பக்கத்து நன்செய் ஒன்று கோயில் பெயரில் இருக்கும். உழுது பயிரிடுவது குத்தகைக்காரர். நடவும் அறுப்பும் செய்வது கூலி ஆட்கள். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கமிருந்து ஆடுகளை ஓட்டிவந்து அதே வயலில் கிடை போடுபவர்கள் உண்டு. இத்தனை பேருக்கும் அந்த மண்ணிலிருந்துதான் சாப்பாடு.

ஆகவே, நில உரிமை என்பது ஒரு நிலத்தை யார், எதற்காக, எவ்வளவு காலம் பயன்படுத்தலாம், யார் விற்கலாம், யாரை யார் வெளியேற்றலாம் என்பவற்றின் மொத்தத் தொகுப்பு. இந்த உரிமைகளை யார் எழுதி வைப்பது, யார் மாற்றுவது, தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்ற ஏற்பாடு முழுவதற்கும் நில நிர்வாகம் என்று பெயர். தாலுகா அலுவலகம் மட்டும்தான் அது என்று எண்ண வேண்டாம். கோயில் நிர்வாகம், மீனவர் கிராமத்தின் ஊர்ப் பஞ்சாயத்து, ஏரித் தண்ணீரைப் பங்கிடும் ஆயக்கட்டுக்காரர்கள் எல்லாம் அதற்குள் அடக்கம்.

வரி வசூலுக்காக எழுதிய கணக்கு

நம் நிலப் பதிவேடுகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் மன்றோ முன்னின்று பரப்பிய முறை ரயத்துவாரி. 1820இல் அவர் மாகாண ஆளுநரானதும் அதுவே பெரும்பகுதி ஊர்களுக்கு விதியானது. இடையில் ஜமீன்தார் இல்லாமல், ஒவ்வொரு விவசாயியிடமும் அரசு நேராகத் தீர்வை, அதாவது நிலவரி, வாங்கும். இன்ன நிலத்துக்கு இவர் இவ்வளவு கட்ட வேண்டும் என்று அவரிடம் எழுதிக் கொடுத்த சீட்டுதான் பட்டா.

அரசுக்கு அப்போது தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: தீர்வையை யாரிடம் கேட்பது? குத்தகைக்காரர் யார், கூலி ஆள் யார், எந்தச் சாதிக்காரர்கள் நிலமே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக அதில் உழைத்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தேவைப்படவில்லை. தீர்வை போட முடியாத ஏரி, ஓடை, மேய்ச்சல் வெளி, சுடுகாடு, வண்டிப்பாதை போன்றவை புறம்போக்கு என்ற தலைப்பில் தனியாக ஒதுக்கப்பட்டன.

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம் என்பேன். வரி வாங்குவதற்காக எழுதிய ஒரு கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு, இன்றைக்கு வெள்ளத்தில் யாரைக் காப்பாற்றுவது, யாருக்கு ஈடு தருவது, எந்த இடத்தில் மின்நிலையம் வைப்பது என்று முடிவு செய்துகொண்டிருக்கிறோம். அதில் பெயர் இல்லாதவர்கள் அன்றைக்கு வரியிலிருந்து விடுபட்டார்கள். இன்றைக்கு நிவாரணத்திலிருந்து விடுபடுகிறார்கள்.

இன்னும் இரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். நிலத்தை வாங்கியதற்கோ விற்றதற்கோ சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் ஆவணம் பத்திரம். எந்தப் புல எண்ணில், எந்தப் பருவத்தில், என்ன பயிர் நிற்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு அடங்கல். பலர் நினைப்பதுபோல் பட்டா ஒன்றே முடிந்த முடிவான சாட்சி ஆகிவிடாது. பத்திரம் பதிந்த அலுவலகமும் ‘இப்படி ஒரு விற்பனை நடந்தது’ என்று பதிகிறதே தவிர, விற்றவருக்கு அந்த நிலம் உண்மையில் சொந்தம்தானா என்று உத்தரவாதம் தருவதில்லை. தகராறு என்று வந்தால் உரிமையியல் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

சுருக்கமாக, உரிமைகள் பல. பதிவேட்டில் ஏறுவது பெரும்பாலும் ஒன்று. பருவநிலை மாற்றம் கைவைப்பது இந்த இடைவெளியில்தான்.

பயிரிட்டவர் ஒருவர், ஈடு வாங்குபவர் இன்னொருவர்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக மொத்தம் 1,100 என்று அரசு அறிவித்தது. காய்ப்புக்கு வர ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய மரத்துக்கு இது போதுமா என்பது தனி வழக்கு. இங்கே பார்க்க வேண்டியது வேறு. மரத்தை எண்ணுவது தோப்பின் சொந்தக்காரர் பெயரில். தேங்காய் உரித்தவர், கீற்று முடைந்தவர், மரம் ஏறியவர், தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் ஆகியோருக்குப் போன வருமானத்தை எண்ணுவதற்கு மரக்கணக்கில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

நெல் வயலிலும் இப்படித்தான். பேரிடர் நிவாரண விதிப்படி, பயிர் 33 சதவீதமோ அதற்கு மேலோ அழிந்திருந்தால் இடுபொருள் நிவாரணம் உண்டு. 2015க்கு முன் இந்த வரம்பு 50 சதவீதமாக இருந்தது. குறைத்தது நல்ல மாற்றம். ஆனால் அழிவைக் கணக்கிடுவது அடங்கலையும் பட்டாவையும் வைத்து. குத்தகை வாய்மொழியாக இருந்தால், அடங்கலில் ஏறுவது நிலத்துக்காரர் பெயர்தான். அவர் நல்ல மனிதராக இருந்தால் வந்த பணத்தைக் கூப்பிட்டுக் கொடுப்பார். இல்லாவிட்டால் இல்லை. ஒருவருடைய வாழ்க்கை இன்னொருவரின் நல்ல மனதை நம்பி நிற்கக் கூடாது என்பதற்காகத்தானே உரிமை என்ற ஒன்றையே மனிதர்கள் உண்டாக்கினார்கள்?

ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டம் நிலம் தன் பெயரில் உள்ள குடும்பங்களுக்கு மட்டும். குத்தகைக்காரருக்கு அதில் இடமில்லை. 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இதில் மேல். குத்தகைக்காரரும், வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, பயிர் செய்பவரும் சேரலாம் என்கிறது. சேர்வதற்கு ஆவணம் வேண்டும். ஆவணத்துக்கு நிலத்துக்காரர் அல்லது கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்து வேண்டும். கதவு திறந்துதான் இருக்கிறது, சாவி மட்டும் வேறொருவர் இடுப்பில்.

சரி, குத்தகையை எழுதிக்கொண்டால் என்ன? சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1955இலேயே சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யவே தனியாக ஒரு சட்டம் வந்தது. இந்தச் சட்டங்கள் டெல்டாவில் பல குடும்பங்களைக் காலகாலமாகக் காப்பாற்றியிருக்கின்றன. அதே சட்டங்களின் பயம்தான் இன்றைக்குப் புதிய குத்தகைகளை இருட்டிலும் வைத்திருக்கிறது. எழுதிக் கொடுத்தால் பிறகு ஆளைக் கிளப்ப முடியாது என்று நிலத்துக்காரர் நினைக்கிறார். அதனால் ஒரு வருஷத்துக்கு வாய்மொழியாகக் கொடுப்பார், அடுத்த வருஷம் ஆளை மாற்றிவிடுவார்.

இதனால் மண்ணுக்கும் கேடு. அடுத்த வருஷம் இதே வயல் கிடைக்குமா என்று தெரியாதவர் வரப்பை உயர்த்த மாட்டார், பண்ணைக்குட்டை வெட்ட மாட்டார், மரம் வைக்க மாட்டார், மெதுவாகப் பலன் தரும் தொழு உரத்தைக் கொட்ட மாட்டார். வறட்சியையும் வெள்ளத்தையும் தாங்க நிபுணர்கள் சொல்லும் வழிகள் எல்லாமே நீண்டகால வேலைகள். நீண்டகால வேலை செய்ய, நீண்ட காலம் அங்கே இருப்போம் என்ற நம்பிக்கை வேண்டும். பருவநிலை மாற்றத்துக்கான ஐநாவின் அறிவியல் குழு 2019இல் நிலம் பற்றி வெளியிட்ட சிறப்பு அறிக்கையும் இதைச் சொல்கிறது: நில உரிமை உறுதியில்லாத இடத்தில், மக்கள் நிலத்தில் செய்யக்கூடிய நல்ல மாற்றங்கள் தடைபடுகின்றன.

வேறு வழி உண்டா? ஆந்திரப் பிரதேசம் 2019இல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. நிலத்தின் சொந்தத்தைத் தொடாமல், பயிரின் மேலுள்ள உரிமையை மட்டும் காட்டும் அட்டை ஒன்றைச் சாகுபடி செய்பவருக்குத் தருகிறது. 11 மாதம் செல்லும். அதைக் காட்டிக் கடன், காப்பீடு, நிவாரணம் கேட்கலாம். உரிமைகளைப் பிரித்துப் பார்த்தால் சிக்கல் எப்படி இளகுகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம். அட்டைக்கு நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும் என்பது அதன் பலவீனம்; பலர் சம்மதிப்பதில்லை. ஒடிசாவோ 2018 இறுதியில் காலியா என்ற திட்டத்தில் வாரக்காரர்களையும் நிலமற்றவர்களையும் நேராகவே சேர்த்தது. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. நிலத்தில் உழைப்பவரைத் தேட நிலப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

புறம்போக்கு: யாருக்கும் சொந்தமில்லாததா, எல்லாருக்கும் சொந்தமானதா?

பதிவேட்டில் ‘தரிசு’ என்று எழுதியிருந்தால் அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தமாகிவிடாது. சென்னையின் பள்ளிக்கரணையைப் பாருங்கள். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடந்த சதுப்பு நிலம் அது. சுற்றுவட்டாரத்து ஏரிகள் நிறைந்து வழியும் தண்ணீரெல்லாம் அங்கே வந்து தங்கி, மெல்லக் கடலுக்குப் போகும். தீர்வை கிடைக்காத நிலம் என்பதால் வீண் நிலம் என்று கருதப்பட்டது. வீண் நிலம்தானே என்று குப்பைக் கிடங்கு, சாலை, ரயில் பாதை, அலுவலகக் கட்டடம், அடுக்குமாடி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே 2015 டிசம்பரில், தங்க இடம் இல்லாத தண்ணீர் வீடுகளுக்குள் வந்து தங்கிவிட்டது.

ஏரி, ஓடை, கழிமுகம், மேய்ச்சல் வெளி எல்லாம் வெள்ளத்தை வாங்கி, வறட்சியில் திருப்பித் தருபவை. இவற்றைக் காக்கச் சட்டங்களும் உண்டு. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், 2007ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்புச் சட்டம் இரண்டும் தமிழ்நாட்டில் நடப்பில் இருப்பவை. ஊர்ப் பொதுநிலத்தைத் தனியாருக்கு முறைப்படுத்திக் கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆனால் இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். ‘நீர்நிலை ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லுக்குள் இரண்டு விதமான ஆட்கள் இருக்கிறார்கள். வேறு எங்கும் இடம் கிடைக்காமல் ஆற்றங்கரையில் குடிசை போட்டவர் ஒருவர். சதுப்பின்மேல் வளாகம் கட்டியவர் இன்னொருவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை நகரின் விளிம்புக்குக் கொண்டுபோனார்கள். பலர் போய்ச் சேர்ந்த பெரும்பாக்கம், அதே பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் பக்கத்தில் உள்ள தாழ்வான பகுதி. மழைக்காலத்தில் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் தூரமாகிவிட்டன. சதுப்பின் மேலிருந்த பெரிய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. சுற்றுச்சூழலைக் காக்கிறோம் என்ற பெயரில் பட்டா இல்லாதவரை மட்டும் நகர்த்தினால், ஆறும் காப்பாற்றப்படுவதில்லை, மனிதர்களும் காப்பாற்றப்படுவதில்லை.

இதுவரை பார்த்ததில் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. ஒன்று, பயன்படுத்துபவர் பெயர் பதிவேட்டில் இல்லை. இரண்டு, பொதுநிலத்தின் பயன் பதிவேட்டில் இல்லை. மூன்றாவது வகையில், பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கும், நிலம்தான் இருக்காது.

நிலமே கடலுக்குள் போனால்

1990 முதல் 2018 வரையிலான கரைமாற்றத்தை அளந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி, இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது. எல்லாப் பழியையும் கடல்மட்ட உயர்வின்மேல் போட முடியாது. துறைமுகச் சுவர், கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு, ஆற்றில் அணை கட்டி மணல் வருவதைத் தடுப்பது எல்லாம் சேர்ந்துதான் கரையைத் தின்கின்றன. உயரும் கடல் அதை வேகப்படுத்துகிறது.

ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்தில் சதபாயா என்று ஓர் ஊர்த்தொகுதி இருந்தது. கிராமம் கிராமமாகக் கடல் உள்ளே வந்தது. 2018 வாக்கில் 571 குடும்பங்களை பகபதியா என்ற இடத்தில் அரசு குடியேற்றியது. வீடு கட்டப் பணமும், குடும்பத்துக்கு 10 சென்ட் மனையும் கிடைத்தன. சாகுபடி நிலம் கிடைக்கவில்லை. விவசாயியாக இருந்தவர்கள் மனைக்காரர்கள் ஆனார்கள். வேலை தேடி வெளிமாநிலம் போவதைத் தவிரப் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. வீட்டை மட்டும் நகர்த்தி, அந்த வீட்டின் வருமானம் எந்த நிலத்திலிருந்து வந்தது என்று கேட்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். வெகுநாள்வரை, மெதுவாக நடக்கும் அரிப்பைப் பேரிடராகவே விதிகள் எண்ணவில்லை. 15ஆவது நிதி ஆணையம்தான் 2021-26 காலத்துக்கு, அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களின் மறுகுடியமர்வுக்கென 1,000 கோடி ரூபாய் தனியாக ஒதுக்கப் பரிந்துரைத்தது.

நம் கரையின் அனுபவம் சுனாமி. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். சுனாமி பருவநிலையால் வந்ததல்ல. ஆனால் கரையிலிருந்து மக்களைப் பின்னுக்கு நகர்த்துவது எப்படி இருக்கும் என்பதை அதுதான் நமக்குக் காட்டியது. 2005 மார்ச்சில் வந்த அரசாணைப்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது ஓதம் ஏறும்போது கடல்நீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அதற்கு அப்பால் போனால் இலவச வீடு. போகாவிட்டால் பழைய இடத்தில் தாங்களே பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. வீடு வேண்டும், ஆனால் கடற்கரையை விட்டுப்போனால் திரும்ப வர முடியுமா என்ற தவிப்பு மீனவர் கிராமங்களில் பெரிதாக இருந்தது. வலை பின்னவும், கருவாடு காயவைக்கவும், படகை ஏற்றி வைக்கவும் அந்த மணல்தான் அவர்களின் வயல். அது தனிப் பட்டாவில் அடங்காத, ஊர் மொத்தத்துக்குமான உரிமை. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது என்று 2019 ஜனவரியில் வெளியான கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை காட்டியது. மக்கள் நெருக்கம் அதிகமுள்ள ஊரகக் கரைகளில், கட்டுமானம் கூடாத பகுதியை அது 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. மீனவரைப் பின்னுக்குப் போகச் சொன்ன கோடு, கட்டுமானத்துக்காக முன்னுக்கு வருகிறது.

தீர்வே நிலம் கேட்கும்போது

நிலக்கரியை விட்டு வெளியேற வேண்டும், சூரிய மின்சாரம் வேண்டும். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் சூரியத் தகடுகளுக்கு நிறைய இடம் தேவை. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் பரந்திருக்கிறது. கர்நாடகத்தின் பாவகடாவில் ஏறத்தாழ 13,000 ஏக்கர்.

பாவகடாவில் நிலத்தை வாங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. வானம் பார்த்த பூமியில் கடலை போட்டு நஷ்டப்பட்டவர்களுக்கு இது பெரிய ஆறுதல். விற்காமலே வருமானம் தரும் முறை என்பதால் மற்ற இடங்களும் பின்பற்றத் தக்கது. ஆனால் குத்தகைப் பணம் வருவது நிலத்துக்காரர்களுக்கு. அந்த வயல்களில் களை எடுத்தவர்களுக்கும், தரிசில் ஆடு மேய்த்தவர்களுக்கும் வேலி மட்டும் வந்தது. கஜாவில் பார்த்த அதே கணக்கு, இந்த முறை புயல் இல்லாமலே.

பெண்கள் பெயர்

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சாகுபடி நிலங்களை நடத்துபவர்களாகப் பதிவானவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம். தமிழ்நாடு 1989இலேயே இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு தந்த மாநிலம். நாடு முழுக்க அது 2005இல் வந்தது. சட்டத்தில் பங்கு இருந்தும் பட்டாவில் பெயர் ஏறுவதில்லை. மழை பொய்த்த ஊர்களில் ஆண்கள் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விட, வயலைப் பார்ப்பது பெண்கள். பட்டாவோ இறந்துபோன மாமனார் பெயரில், நான்கு பங்காளிகளோடு கூட்டாக. நிவாரணப் பட்டியல் எழுதும் நாளில் அந்தப் பெண் யார் என்பதற்கு அவரிடம் ஒரு தாளும் இருக்காது.

ஊரில் இருந்துகொண்டே செய்யக்கூடியவை

இறந்தவர் பெயரிலேயே இருக்கும் பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள்; மனைவி, மகள் பெயரும் சேர வேண்டும். புயலுக்குப் பிறகு வாரிசுச் சான்றுக்கு அலைவதைவிடப் புயலுக்கு முன்னால் அலைவது எவ்வளவோ மேல். குத்தகைக்குச் செய்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் அடங்கலில் பயிரும் சாகுபடி செய்பவர் பெயரும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குத்தகை கொடுத்த ரசீதைத் தூக்கி எறியக் கூடாது. பொதுநிலத்துக்கு ஒரே வழி கிராமசபைதான். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஊரின் ஏரி, ஓடை, மேய்க்கால் புறம்போக்குகளின் புல எண்களையும் பரப்பையும் அங்கே வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், தீர்மானத்தில் எழுதவும் சொல்லலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கூட்டம். ஏரிக் கணக்கைக் கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.